4294967297: 641-இடம் தோற்ற எண்

2-இன் 32-ஆம் அடுக்கோடு ஒன்றைக் கூட்டினால் 4294967297. 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் அடுத்தது இதுதான். ஒன்றைக் கழி, வர்க்கமாக்கு, ஒன்றைக் கூட்டு. அடுத்த எண் வந்துவிடும். முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான் இருக்கும் என்று 1640-இல் கணிதர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணிதர் ஆய்லர் அதை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார்.

2, 3, 5 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்த்தால் 641-ஐ எட்ட 115 எண்களைத் தாண்ட வேண்டும். அத்தனை தேவையே இல்லை. p ஒரு காரணி என்றால், p-ஆல் வகுக்கும்போது 2³² விடும் மீதி −1, அதாவது p−1. 2⁶⁴ விடும் மீதி 1. p பகா எண் என்றால் 2-இன் (p−1)-ஆம் அடுக்கு விடும் மீதியும் 1. மீதி 1 வரும் மிகச் சிறிய அடுக்கு 64 என்பதால், அது p−1-ஐ மீதியின்றி வகுத்தாக வேண்டும். ஆக p = 64k+1. இந்த வடிவில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே எண் உடைகிறது! 1878-இல் கணிதர் லூகாஸ் இதை 128k+1 என்று இன்னும் இறுக்கினார். அப்போது மிஞ்சுபவை 257, 641 இரண்டே.

வகுக்காமலும் காட்டலாம். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. 641 = 5×2⁷ + 1; அதே 641 = 5⁴ + 2⁴. முதலாவதன்படி 5×2⁷ விடும் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸ விடும் மீதி 1. இரண்டாவதன்படி 5⁴-க்குப் பதில் −2⁴ போடலாம். −2³² விடும் மீதி 1, அதாவது 2³²+1 மீதியின்றி வகுபடுகிறது.

6700417 பகா எண்தானா? அதன் வர்க்கமூலம் 2589-க்குள் அடங்குகிறது. அதன் காரணி எதுவும் 4294967297-இன் காரணியும்தான், எனவே 128k+1 வடிவம் இங்கும் பொருந்தும். அந்த வடிவில் 2589-க்குள் வரும் பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் வகுக்கவில்லை, பகா எண்ணேதான்.

கணினியில் சோதிப்பவர்கள் இரண்டு இடங்களில் வழுக்குவார்கள். குறியற்ற 32 பிட் மாறியில் இந்த எண்ணைப் போட்டால் 1 மட்டுமே தங்கும், ஏனென்றால் 2³² அதில் அடங்காது. 64 பிட் மாறி வேண்டும். இரண்டாவது இன்னும் மோசம்: ஃபெர்மா சோதனையை (ஓர் எண்ணை n−1 முறை தன்னோடு பெருக்கி, n-ஆல் வகுத்து மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது; வந்தால் n பகா எண்ணாக இருக்கலாம்) 2-ஐ அடிமானமாக வைத்துச் செய்தால் மீதி 1 என்று வந்து, இது பகா எண்போலத் தோன்றும். 2⁶⁴ விடும் மீதி 1. சோதனையில் வரும் அடுக்கான 2³² 64-இன் மடங்கு. வேறு விடை வர வழியே இல்லை. அடிமானத்தை 3 ஆக்குங்கள். 3-ஐ 31 முறை தொடர்ந்து வர்க்கமாக்கி, ஒவ்வொரு முறையும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டால் 10324303 வரும். பகா எண்ணாக இருந்தால் −1, அதாவது 4294967296 வந்திருக்க வேண்டும். இன்னொரு முறை வர்க்கமாக்கினால் 3029026160. உங்கள் நிரலில் இவ்விரண்டும் வராவிட்டால் பெருக்கல் எங்கோ வழிந்திருக்கிறது.

முந்தைய ஐந்தையும் பெருக்கிப் பாருங்கள்: 3×5×17×257×65537 = 4294967295. நம் எண்ணுக்குச் சரியாக இரண்டு குறைவு. இரண்டையும் வகுக்கும் எண் 2-ஐயும் வகுக்க வேண்டும், ஐந்தும் 2-ஐ விடப் பெரியவை. ஆகவே அந்த ஐந்தில் எதுவும் இதன் காரணியாக முடியாது. மேலே 257-ஐச் சோதிக்கக்கூடத் தேவையில்லை.