சாமுராய்க்குப் படியளப்பது யார்?

ஜூன் 2, திங்கள்

அப்பாவின் ரிப்போர்ட் இன்று வரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வரவில்லை.

தங்கை ராத்திரி முழுக்க முழித்திருந்துவிட்டுக் காலையில் கிளம்பும்போது படிக்கட்டில் நின்று மறுபடி அதையே, நாங்கள் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடைக் கதை ஆட்டத்தில் அவள் எடுத்திருக்கும் சாமுராயைப் பற்றியே, ஆரம்பித்தாள். "அண்ணா, மூணு தடவை ஃபைட்டிங் ஸ்பிரிட் போட்டுட்டா அப்புறம் நான் வெறும் ஃபைட்டர்தானே? சாமுராய்னு பேரு மட்டும் எதுக்கு?" அவள் கேட்டது நியாயம். ஃபைட்டர் என்கிற போர்வீரரில் ஒரு வகைதான் சாமுராய், அதன் தனிச் சக்திதான் ஃபைட்டிங் ஸ்பிரிட். போனஸ் ஆக்‌ஷன் (கூடுதல் சிறு செயல்) செலவழித்து அதைப் போட்டால், அவள் முறையான அந்த டர்ன் முடியும்வரை எல்லா அடிக்கும் அட்வான்டேஜ், அதாவது பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுக்கலாம், கூட ஐந்து தற்காலிக ஹிட் பாயின்ட் (உயிர் எண்). மூன்று முறை. தீர்ந்தால் அடுத்த லாங் ரெஸ்ட் (நீண்ட ஓய்வு) வரை ஒன்றும் கிடையாது. 2017ல் ஸானதார் என்ற விதிப் புத்தகத்தில் வந்த நாளிலிருந்து அப்படித்தான் இருக்கிறது. நான்தான் டிஎம், ஆட்டத்தை நடத்துகிறவன், நான்தான் மாற்றித் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நடக்குமா என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

பெட் பக்கத்து இரும்பு மேசையில் பகடை உருட்டினால் அப்பா முழித்துக்கொள்கிறார். துண்டை நாலாக மடித்து அதன்மேல் உருட்டுகிறேன். சத்தமே இல்லை. இருபது முகப் பகடை துண்டின் மடிப்பில் சாய்ந்து நின்றால் மறுபடி உருட்ட வேண்டும், அது ஒன்றுதான் தொல்லை.

11 வந்தால் அடி விழும் என்றால், ஒரு பகடையில் 50 சதவீதம். இரண்டு உருட்டிப் பெரியதை எடுத்தால் 75. 16 வர வேண்டும் என்றால் 25 என்பது 43.75 ஆகிறது. பலம் குறைவில்லை. ஆனால் பார்பேரியன் என்ற இன்னொரு வகை வீரன் இரண்டாம் லெவலிலேயே, தன்னையும் எளிதில் அடிக்கலாம் என்று திறந்து கொடுத்துவிட்டு, ஒவ்வொரு டர்னிலும் அட்வான்டேஜ் எடுக்கிறான். அவன் என்ன விலை கொடுக்கிறான் என்பது தெரிகிறது. சாமுராய் என்ன கொடுக்கிறாள்?

ஜூன் 4, புதன்

இன்றும் இல்லை.

ஜூன் 5, வியாழன்

நேற்று எழுதிய மூன்று பக்கத்தையும் கிழித்துப் போட்டேன். எல்லாம் வாள், வாள், வாள். 2003ல் இதே ஆட்டத்தின் பழைய பதிப்பில் வந்த சாமுராயையும் இரண்டு வாளோடு கட்டிப்போட்டார்கள், பாவம், அது யாருக்கும் ஈடுகொடுக்கவில்லை.

ஜப்பானில் காமாகுரா காலத்து, பதிமூன்றாம் நூற்றாண்டுவாக்கில் இருந்த, சாமுராய் முதலில் வில்லாளி, அதுவும் குதிரைமேல். அவர்களுடைய தொழிலுக்கே "வில்லும் குதிரையும்" என்றுதான் பெயர். யூமி என்கிற அவர்கள் வில் இரண்டு மீட்டருக்கு மேல் நீளம். பிடி நடுவில் இருக்காது, கீழே தள்ளி இருக்கும். அந்த வில்லைக் குதிரையின் கழுத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றிப் பிடிப்பதை நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. இப்போதிருக்கும் விதியிலும் வில்லுக்குத் தடை இல்லை. ஷார்ப்ஷூட்டர் என்ற குறிபார்க்கும் திறமையை எடுத்துச் சாமுராயை வில்லாளியாக ஆடுகிறவர்கள் நிறைய. தங்கையிடம் சொன்னேன். "வில்லு சரி. ஆனா என் கேள்வி அது இல்லையே" என்றாள்.

மூன்றாவது மாடி கேன்டீனில் இட்லி மட்டும்தான் சூடாக இருக்கிறது.

ஜூன் 7, சனி

அப்பா இன்று நன்றாகப் பேசினார். தலையணையை உயர்த்திக் கொடுத்தேன். நான் எழுதுவதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "அந்த ஆளுக்குப் படியளக்கிறது யாருப்பா?"

நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர் கேட்கிற கேள்வி. பிற்காலத்தில், எடோ காலத்தில், சம்பளத்தை நிஜமாகவே அரிசியில்தான் கணக்குப் போட்டார்கள், ஒரு கோக்கு என்றால் ஏறக்குறைய 180 லிட்டர், ஒரு ஆள் ஒரு வருஷம் சாப்பிட ஆகும் என்றேன். "பாத்தியா, படிதான்" என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

அப்புறம் அவருக்குத் தகேஸாகி சுயெநாகா என்ற சாமுராயின் கதையைச் சொன்னேன். 1274ல் மங்கோலியர் ஜப்பானின் கியூஷூ தீவில் இறங்கியபோது, இவன் கூட இருந்தது ஐந்தே குதிரைவீரர், இவனையும் சேர்த்து. பின்னால் வரும் படைக்குக் காத்திருக்காமல் பாய்ந்துவிட்டான். குதிரைமேல் அம்பு, தன்மேல் அம்பு. இன்னொரு படை வந்து சேர்ந்ததால் பிழைத்தான். ஆனால் அவன் முதலில் பாய்ந்தது, ஆட்சி நடந்த காமாகுரா நகரத்துக்குப் போன அறிக்கையில் இல்லை. மறு வருஷம் குதிரையையும் சேணத்தையும் விற்று வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, அத்தனை தூரம் காமாகுராவுக்கே போனான். அங்கே அதிகாரி அதாச்சி யசுமோரியின் முன் உட்கார்ந்து, நான்தான் முதலில் பாய்ந்தேன், பொய் என்றால் என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாதாடினான். நிலத்து உரிமையோடும் ஒரு குதிரையோடும் ஊர் திரும்பினான். பிற்பாடு அதையெல்லாம் ஓவியச் சுருளாகவே வரையச் செய்தான். அந்தச் சுருள் இன்றும் இருக்கிறது.

இதில் எனக்கு விடாமல் திரும்ப வருவது ஒரு சின்ன விஷயம். சண்டைக்கு முன்னால் இவனும் இன்னொரு வீரனும் தலைக்கவசத்தை மாற்றிக்கொண்டார்கள். அடையாளம் தெரிய வேண்டும், ஒருவருக்கு ஒருவர் சாட்சி.

அப்பா தூங்கியிருந்தார். எந்த இடத்தில் தூங்கினார் என்று தெரியவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

ஆட்டம் இல்லை. உட்கார்ந்து எழுதி முடித்தேன்.

சண்டை தொடங்கும்போது அறுபது அடிக்குள் இருக்கும் ஒரு தோழரைச் சாமுராய் சாட்சியாகச் சொல்கிறாள். தன் பெயரை உரக்கச் சொல்லி ஒரே ஒரு எதிரியைக் குறிக்கிறாள். சாட்சியின் கண்ணில் அவள் படும்வரை, டர்னுக்கு ஒரு முறை, அந்த எதிரிமேல் விடும் முதல் அடிக்கு அட்வான்டேஜ். வாளோ வில்லோ, எதுவானாலும் சரி. எதிரி விழுந்தால் இரண்டு பேருக்கும் ஐந்து தற்காலிக ஹிட் பாயின்ட். சாட்சி மயங்கி விழுந்தால் எல்லாம் போச்சு. நாளுக்கு மூன்று என்ற எண்ணிக்கையே கிடையாது.

ஜூன் 9, திங்கள்

சாயங்காலம் தங்கை சீக்கிரமே வந்தாள். வராந்தா பெஞ்சில் துண்டை விரித்து ஆடிப் பார்த்தோம். எதிரியாக இரண்டு ஓகர் (முரட்டு அரக்கர்), ஆளுக்கு 59 ஹிட் பாயின்ட். அவள் சாமுராய், நான் சாட்சியாக ஒரு கிளெரிக், பூசாரி. மூன்றாவது சுற்றில் ஓகர் கிளெரிக் பக்கம் திரும்பியது. வழக்கமாக அவள் குறித்த எதிரியை விட்டு நகர மாட்டாள். இன்று வில்லைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து கிளெரிக்குக்கு முன்னால் நின்றாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. விதியே அவளை இழுத்துக்கொண்டு வந்து நிறுத்தியது!

அப்புறம் அவளே ஓட்டையையும் கண்டுபிடித்தாள். "எவனாவது ஃபாக் கிளவுட் போட்டா? பனி மூட்டத்துல யாரு பாப்பா?"

ஜூன் 10, செவ்வாய்

அப்பா இன்று எதுவும் சாப்பிடவில்லை.

ஜூன் 11, புதன்

பனி மூட்டம். நாள் முழுக்க இதே.

காலையில் கைமாற்றும்போது தங்கை சொன்னாள். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு இழுத்திருக்கிறது. நர்ஸ் வருவதற்குள் இவள் நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். முக்கால் மணி நேரம் அப்படியே. "யாரும் பாக்கலைன்னா உன் விதிப்படி ஒண்ணும் கிடையாதா அண்ணா?" என்று கேட்டாள். கண் சிவந்திருந்தது. அவள் சாமுராயைத்தான் கேட்டாள்.

பதில் சொல்ல முடியவில்லை. மத்தியானம் வரை புரியவும் இல்லை.

ஏழாம் லெவலில் 'எலிகன்ட் கோர்ட்டியர்' என்று ஒன்று இருக்கிறது. பேசி இணங்க வைக்கிற பெர்ஸுவேஷன் உருட்டலில் விஸ்டம் (விவேக) எண்ணையும் கூட்டிக்கொள்ளலாம். சண்டை போடுகிறவளுக்கு அரசவைப் பேச்சு எதற்கு என்று முதல் நாளே அதை அடித்திருந்தேன். தப்பு. சுயெநாகா காமாகுராவில் செய்தது அதுதானே. தலை கொண்டு வந்தாயா, உன் ஆள் யாராவது செத்தார்களா என்று கேட்கிறவர்கள்முன், இல்லை, ஆனால் முதலில் பாய்ந்தது நான் என்று சொல்லி நிற்க வேண்டும். பார்க்காதவர்களை நம்ப வைக்க வேண்டும். அடித்ததைத் திரும்ப எழுதினேன், மூன்றாம் லெவலுக்கே இறக்கினேன். சாட்சி இல்லாமல் செய்ததை லாங் ரெஸ்டின்போது தன் வாயால் சொல்லலாம். ஒருவர் நம்பினால் போதும், அது கணக்கில் ஏறும்.

சாயங்காலம் அவள் வந்ததும் முதுகு வலிக்கிறதா என்று கேட்டேன். ராத்திரி நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். முழுக்கச் சொன்னாள்.

ஜூன் 12, வியாழன்

ரிப்போர்ட் வந்துவிட்டதாம். கையில் தரவில்லை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறார்.

பத்து, பதினைந்து லெவல்களைச் சரிபார்த்துவிட்டேன். பதினெட்டு மட்டும் பாக்கி: ஹிட் பாயின்ட் பூஜ்யமாகும்போது விழாமல் இன்னும் ஒரு டர்ன் எடுத்துக்கொள்ளலாம் என்கிற விதி. அந்தப் பக்கத்தை இரண்டு முறை திறந்து மூடிவிட்டேன்.

அப்பா தூங்குகிறார். தங்கை இன்று வீட்டுக்குப் போகவில்லை, நாற்காலியிலேயே இருக்கிறாள். நானும் போகவில்லை.