அட்டையில் சுற்றிய நூல்

வேலூரில் நடந்த வட்டார ஓவியக் கண்காட்சியில் என்னுடைய மூன்று படங்கள் இடம்பெற்றன. விண்ணப்பம் போட்டதிலிருந்து படங்களை இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தது வரை மூன்று மாதம் ஆனது. வரைந்ததைவிட, ‘நான் ஏன் இப்படி வரைகிறேன்’ என்று எழுதவும் பேசவும் பட்ட பாடுதான் பெரிது. குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் வீட்டிலேயே வரைந்து பீரோவுக்குப் பின்னால் வைத்திருக்கிற பலரை எனக்குத் தெரியும். அவர்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் குடியாத்தம். அப்பா கைத்தறியில் கைலி நெய்தவர். நான் ஓவியக் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. அரசு தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயரும் ஹையரும் முடித்துவிட்டு, பள்ளியில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித் தருகிறேன்.

விண்ணப்பத்தில் கேட்டவை: ஐந்து படங்களின் புகைப்படம், அளவு, எதில் வரைந்தது, எந்த வருடம், என்ன விலை. கடைசியாக, ‘உங்கள் பின்னணி, உந்துதல் பற்றி 150 சொற்களுக்குள்’.

முதலில் புகைப்படத்திலேயே இடறினேன். இரவில் டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்து அனுப்பினேன். படத்தின் மேல் வெள்ளையாக ஒரு பளபளப்பு, மஞ்சள் எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. ‘வேறு எடுத்து அனுப்புங்கள்’ என்று பதில் வந்தது. அப்புறம்தான் முறையாகச் செய்தேன். காலை ஏழு மணிக்கு, நேர் வெயில் படாத திண்ணை நிழலில் படத்தைச் செங்குத்தாக நிறுத்தி, போனைப் படத்தின் நடுவுக்கு நேராகப் பிடித்து எடுத்தேன். போன் கொஞ்சம் சாய்ந்தாலும் படம் ஒரு பக்கம் குறுகிவிடும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். இதற்குக் கேமரா வாங்கத் தேவையில்லை, நிழல் இருந்தால் போதும்.

விலைக்கு நெசவுக் கணக்கே கை கொடுத்தது. பொருள் செலவு, பிரேம் செலவு, உட்கார்ந்த நாட்களுக்குக் கூலி. கூட்டி எழுதினேன்.

150 சொல்லில்தான் மாட்டிக்கொண்டேன்.

என் படங்களை விலகி நின்று பார்த்தால் தெருவும் ஆறும் திருவிழாக் கூட்டமும் தெரியும். கிட்டே போனால் வெறும் கோடுகள். மேலிருந்து கீழாக மெல்லிய கோடுகள், அவை காய்ந்ததும் குறுக்கே வேறு நிறத்தில் கோடுகள். சிவப்புக்குக் குறுக்கே மஞ்சள் ஓடினால் தூரத்தில் ஆரஞ்சு. ஆரஞ்சைத் தட்டில் கலக்கவே மாட்டேன். ஏன் இப்படி என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. எழுத உட்கார்ந்ததும் எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. 1880களில் பாரிசில் ஜார்ஜ் சூரா என்ற ஓவியர் நிறங்களைக் கலக்காமல் புள்ளி புள்ளியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், பார்ப்பவர் கண்ணில் அவை கலந்துகொண்டன. அதையே பிடித்துக்கொண்டேன். ‘சூராவின் பாணியால் உந்தப்பட்டு, நவீன நோக்கில்…’ என்று 150 சொல்லையும் நிரப்பி அனுப்பிவிட்டேன்.

ஒருங்கிணைப்பாளர் அம்மா போன் செய்தார். “டீச்சர், நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா இதுல நீங்க எங்க இருக்கீங்க? சூராவை எப்பப் பார்த்தீங்க?”

“நேர்ல பார்த்ததில்லைங்க. பத்திரிகையில ஒரு படம் பார்த்தேன்.”

“அதுக்கு முன்னாடியே இப்படித்தான வரைஞ்சீங்க?”

பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எட்டாம் வகுப்பில் கலர் பென்சிலால் வரைந்த கெங்கையம்மன் சிரசு படம் இருந்தது. வைகாசி முதல் நாள் அம்மன் சிரசை ஊர்வலமாக எடுத்து வருகிற கூட்டம். அதிலும் கட்டம் கட்டமாகக் கோடுகள்தான். சூரா என்ற பெயரே தெரியாத வயது அது. பொய் எழுதி அனுப்பியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். வீட்டில் குழித்தறி இன்னும் இருக்கிறது, ஓடவில்லை. குழியின் மேல் பலகை போட்டு அரிசி மூட்டை வைத்திருக்கிறோம். “கைலிக்குக் கட்டம் எப்படிப்பா முடிவு பண்ணுவீங்க?” என்று கேட்டேன். எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். அதற்குள் சட்டைப் பெட்டியிலிருந்து கிழித்த அட்டைத் துண்டுகள் இருபது முப்பது இருந்தன. ஒவ்வொன்றும் மூன்று விரல் அகலம். அதன்மேல் நூலை இழை இழையாக நெருக்கிச் சுற்றியிருந்தது. சிவப்பு, மஞ்சள், கறுப்பு, மறுபடி சிவப்பு. ஓரங்களில் அட்டை பழுத்துப் பழுப்பாகியிருந்தது, நூல் மட்டும் நிறம் மாறவில்லை. பின்பக்கம் பென்சிலில் ‘12 சி, 4 ம, 2 க’ என்று எழுதியிருந்தது. பன்னிரண்டு இழை சிவப்பு, நான்கு மஞ்சள், இரண்டு கறுப்பு. பாவு, அதாவது தறியில் நீளவாட்டில் போகிற நூல், ஓட்டுவதற்கு முன் நிறம் சேருமா என்று இப்படிச் சுற்றி, தெருவின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் யாரையாவது தூக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்ப்பாராம். தூக்கிப் பிடித்தவள் பல நாள் நான்தான். ஐந்தாறு வயசு இருக்கும். எனக்கு அது அடியோடு மறந்து போயிருந்தது.

“கறுப்பு மங்கலா கீதுன்னு முதலாளி துணியத் திருப்பி அனுப்பிடுவாரு” என்றார் அப்பா. “நூலு நல்ல நூலுதான் பாப்பா. பக்கத்துல கருநீலம் ஓட்டியிருப்போம். அத எடுத்துட்டு மஞ்சள ஓட்டுனா, அதே கறுப்பு கண்ணுல அடிக்கும்.”

சூரா பற்றி எழுதியதைத் திருத்தலாம் என்று மறுபடி தேடிப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. சூராவுக்கு அடிப்படை தந்தவர் மிஷேல் செவ்ரல் என்ற வேதியியலாளர். 1824 முதல் பாரிசில் கோபெலின் நெசவுக்கூடத்துச் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளர். அங்கே வந்த புகார்களில் ஒன்று, கறுப்புச் சாயம் எடுப்பாக இல்லை என்பது. நூலைச் சோதித்தார், சாயத்தில் குறை இல்லை. கறுப்புக்குப் பக்கத்தில் நீலமும் ஊதாவும் இருந்ததால் அது மங்கித் தெரிந்தது. பக்கத்து நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் என்று விளக்கி 1839இல் நூலே எழுதினார். ஓவியர்கள் அதைப் படித்துத்தான் நிறங்களை அருகருகே வைத்தார்கள். பாரிசில் சாயப் பட்டறையில் கிளம்பியதை, குடியாத்தத்தில் தறிக்குழியில் உட்கார்ந்தே என் அப்பா கண்டுவைத்திருந்தார். அவர் எழுதவில்லை, அட்டையில் சுற்றி வைத்தார்.

அன்று இரவே எழுதினேன். ‘என் அப்பா கைலி நெய்தவர். பாவில் ஒரு நிறமும் குறுக்கே ஓடுகிற ஊடையில் ஒரு நிறமும் ஓட்டி மூன்றாவது நிறத்தை வரவழைப்பார். நானும் அப்படியே வரைகிறேன். விடியுமுன் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்ததால், என் படங்களில் எப்போதும் விடியற்காலைதான்.’ மொத்தம் 90 சொல் வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

மூன்று படங்கள் தேர்வாயின. சந்தோஷம் இரண்டு நாள்தான். பிரேம் போடக் கொடுத்த கடையில், சட்டத்துக்குச் சரியாக உட்கார வேண்டும் என்று கான்வாஸின் ஒரு பக்கத்தை ஓர் அங்குலம் வெட்டிவிட்டார்கள். தெருவில் பாவுக்குக் கஞ்சி போடுகிற படத்தில் வலது ஓரம், துணிக்குக் கரை மாதிரி நான் விட்டிருந்த கறுஞ்சிவப்புப் பட்டை போயே போய்விட்டது. கடையில் நின்று அழுதேன். வரைபவர்கள் தயவுசெய்து சுற்றிலும் இரண்டு அங்குலமாவது வெற்றிடம் விட்டு வரையுங்கள். கொடுக்கும்போது ‘வெட்டக்கூடாது’ என்று பின்பக்கம் பெரிதாக எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது போதவில்லை.

கட்டுவதிலும் ஒரு விஷயம். ஆக்ரிலிக் வண்ணம் வெயிலில் இளகும். குமிழ் பிளாஸ்டிக் தாளைப் படத்தின் மேல் நேராகச் சுற்றினால், பஸ்ஸில் போவதற்குள் வட்ட வட்டமாகத் தடம் விழுந்துவிடும். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, சித்திரையில் தட்டில் பிழிந்த வண்ணம் பிரஷ்ஷைத் தொடுவதற்குள் தோல் கட்டிவிடுகிறது. படங்களுக்கு மேல் பட்டர் பேப்பர், அதற்கு மேல் அப்பா நெய்த பழைய கைலிகளைச் சுற்றிக் கட்டினேன். ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தன.

மாட்டுகிற வேலை முந்தின நாள். படத்தின் நடு, பார்ப்பவர் கண்மட்டத்துக்கு வர வேண்டும். தரையிலிருந்து ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. ஏணியில் ஏறி, தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, நீர்மட்டம் வைத்துப் பார்த்துச் சரிசெய்தோம். பக்கத்துச் சுவர்க்காரர் ராணிப்பேட்டையிலிருந்து வந்த பெரியவர், என் நரம்பையும் அவரே கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் ஓவியர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடம் பேச வேண்டும். மற்றவர்கள் பேசியதைக் கேட்டிருக்காவிட்டால் நான் எழுந்தே இருக்க மாட்டேன்.

ராணிப்பேட்டைப் பெரியவர் முப்பது வருடம் விளம்பரப் பலகையும் சுவரும் எழுதியவர். ஃபிளெக்ஸ் வந்த பிறகு வேலை நின்றுபோனது. சாக்பீஸ் தூள் தடவிய நூலைச் சுவரில் இருவர் இருபக்கம் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். அப்படி நூலடித்து எழுதிய கை அவருடையது. இப்போது எழுத்தையே உருவமாக வரைகிறார். ஒரு படம் முழுக்க ஒரே ‘ழ’, அதன் வளைவுக்குள் ஒரு கிழவர் குந்தியிருக்கிறார். “ழ எழுத வந்துட்டா எல்லா எழுத்தும் வந்துடும்னு என் வாத்தியார் சொல்வார்” என்றார். கை தட்டல் அடங்க நேரமானது.

செய்யாறு பக்கத்துப் பையன் ஒருவன் கூத்துக்காரக் குடும்பம். தெருக்கூத்துக்குப் புரிசை பேர்போன வட்டாரம் அது. தாத்தாவுக்கு அரிதாரம் பூசிவிடுவதுதான் தன் முதல் ஓவியம் என்றான். கூத்தில் தோளில் கட்டுகிற, கண்ணாடித் துண்டு பதித்த புஜக்கட்டை மாதிரியே மரப்பலகையில் வரைகிறான்.

என்னை அசைத்தது ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ். எல்லோரும் அவரைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் வெகுகாலம் மூலவர் இல்லாமல், பூசை இல்லாமல் கிடந்தது. 1981இல்தான் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்கு முன், பள்ளிக்கூடத்திலிருந்து கோட்டையைப் பார்க்கக் கூட்டிப்போனபோது, யாளித் தூண்களையெல்லாம் பார்த்து முடித்து உள்ளே எட்டிப் பார்த்தாராம். “ஒண்ணுமே இல்ல. இருட்டு. பயமா இல்ல, யாரோ வெளிய போயிருக்காங்க, வந்துடுவாங்கன்னு தோணுச்சு.” அவர் வரைந்த நான்கு படங்களும் காலியான அறைகள். ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று, விரிப்பு மாற்றியது, ஆள் இல்லை. அவர் பேச்சைக் கேட்ட பிறகு திரும்பப் போய் அந்தக் கட்டில் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

பழைய வட ஆற்காடு மாவட்டம் ஓவியத்துக்கு வறண்ட மண் என்று சொல்பவர்கள் உண்டு. ஆம்பூர்ப் பக்கம் அர்மாமலைக் குகையில், பாறைமேல் சாந்து பூசி வரைந்த சமண ஓவியங்கள் ஆயிரம் வருடத்துக்கும் மேலாக, உதிர்ந்தது போக மிச்சம் இருக்கின்றன. சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வராக இருந்த சந்தானராஜ் திருவண்ணாமலையில் பிறந்தவர், அதுவும் அன்றைக்கு வட ஆற்காடுதான். அன்று மேடையில் பேசிய ஒருவர்கூட உந்துதலுக்கு வெளியூர் போகவில்லை.

என் முறை வந்தது. வீட்டில் போனில் நேரம் வைத்து ஏழெட்டு முறை பேசிப் பார்த்திருந்தேன். எழுதிய தாளைப் பார்த்துப் படித்தால் குரல் செத்துவிடுகிறது. அதனால் தாளைப் பையிலேயே வைத்துவிட்டு, அந்த ‘12 சி, 4 ம, 2 க’ அட்டையை மட்டும் கையில் எடுத்துப் போனேன். மைக்கைப் பிடித்ததும் வாய் உலர்ந்தது. அட்டையைத் தூக்கிக் காட்டி, “இது என்ன நிறம்னு கடைசி வரிசையில இருக்கறவங்க சொல்லுங்க” என்றேன். “குங்குமக் கலர்” என்றார்கள். முன் வரிசைக்காரர்கள் “இல்ல, மூணு கலர் இருக்கு” என்றார்கள். அப்புறம் ஐந்து நிமிடம் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

அப்பாவும் அம்மாவும் கடைசி நாள் பஸ் பிடித்து வந்தார்கள். அப்பாவுக்குக் கண்காட்சி என்பதே முதல் முறை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், வேண்டாம் என்று சொல்லியும் போட்டுக்கொள்ளவில்லை. மற்றவர்கள் எல்லோரும் என் படத்தை விலகி நின்று பார்த்தார்கள். அப்பா மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டே போனார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சுண்டு விரலைப் படத்தில் படாமல் பிடித்து, இடமிருந்து வலமாக உதடு அசைய எண்ணிக்கொண்டே போனார்.

“பாப்பா, இங்க ஒரு இழ உட்டுப்போச்சு.”

படங்களை இறக்கும்போது பார்த்தேன். எங்கள் ஊர்க் கவுண்டன்ய ஆற்றை வரைந்த படத்தில், மணலில் மேலிருந்து கீழாக ஓடுகிற கோடுகளில் ஓர் இடத்தில் மஞ்சள் இரண்டுக்கு நடுவே சிவப்பு இல்லை. ஏழு மாதம் அந்தப் படத்தோடு உட்கார்ந்திருந்தேன், எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் இரண்டாம் நம்பர் பிரஷ்ஷை எடுத்து அந்த இழையை ஓட்டினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, மேலிருந்து கீழ்வரை அறாமல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.