மேஜைக்கு ஒரு பக்கம் மட்டும்

சம்பந்தி வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள் என்றால் எங்கள் நாகர்கோவில் பக்கம் சமையலுக்கு யோசனை சொல்ல ஊரே வரும். எரிசேரிக்குத் தேங்காய் இன்னும் சிவக்க வறுக்கணும், அவியலில் சேனை குறைவு என்று ஆளுக்கொன்று. இலையை எங்கே போடுவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. "அதான் டைனிங் டேபிள் கிடக்கே" என்று என் வீட்டுக்காரர் முடித்துவிடுவார்.

அந்த டேபிளில்தான் சிக்கலே. ஐந்தடி நீளம், மூன்றடி அகலம். எதிரும் புதிருமாக ஆறு இலை போட்டால் நடுவில் தம்ளர் வைக்கத்தான் இடம் மிஞ்சும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விளம்புகிற, அதாவது பரிமாறுகிற, ஆள் எங்கே நிற்பது? பந்தியில் விளம்புகிறவர் இலைக்கு எதிரே நின்று குனிகிறார். சாப்பிடுகிறவர் முகம் தெரியும், எந்தத் தொடுகறி தீர்ந்தது என்று தெரியும், கை காட்டித் தடுத்தால் அதுவும் தெரியும். டேபிளில் எதிரெதிரே உட்கார வைத்தால் தோளுக்குப் பின்னாலிருந்து கையை நீட்டவேண்டும். கொதிக்கிற சாம்பார் வாளியோடு சம்பந்தியின் பட்டுப்புடவைக்கு மேலே கையை நீட்ட எனக்குத் தைரியம் கிடையாது.

கல்யாண மண்டபத்தில் கவனித்துப் பாருங்கள். மேஜை ஒடுக்கமாக இருக்கும், ஆட்கள் ஒரு பக்கம் மட்டும் இருப்பார்கள், மறுபக்கம் வாளி நடக்கிற வழி. மண்டபத்துக்காரர்கள் தரைப்பந்தியை அப்படியே இரண்டரை அடி உயர்த்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வீட்டிலும் அதையே செய்தேன். டேபிளைச் சுவரோரம் இழுத்து, சுவருக்கும் அதற்கும் நடுவே நாற்காலி. மகனுடைய படிப்பு மேஜையைப் பக்கத்தில் சேர்த்தேன். அது கொஞ்சம் தாழ்வு, நாலு காலுக்கும் அட்டை மடித்து வைத்துச் சமப்படுத்தினோம். மேலே ஒரே வெள்ளை வேட்டி. கண்ணாடி மேல் ஈர இலை வழுக்கும், துணி விரித்தால் அசையாது. ஒரு வரிசையில் ஐந்து இலை. தரையிலேயே போடலாம்தான், சம்பந்தியம்மாவுக்கு முட்டுவலி.

இலை வடசேரி கனகமூலம் சந்தையில் வாங்கியது. விருந்தாளிகளுக்கு நுனியிலை மட்டும். நுனி இல்லாத துண்டான ஏடு மலிவு, வீட்டு ஆட்களுக்குப் போதும், விருந்தாளிக்கு ஆகாது. ஆடி மாதமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவைக்கணும். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் கிழியாத இலை அபூர்வம். நுனி சாப்பிடுகிறவரின் இடது கைப்பக்கம் இருக்கணும், அகன்ற பாகம் வலது பக்கம், சோறு பிசைகிற கைக்கு. பின்பக்கம் நடுநரம்பு புடைத்திருந்தால் கத்தியால் லேசாகச் சீவிவிடுவேன், இலை படிந்து உட்காரும். மேஜை ஓரத்திலிருந்து மூன்று விரல் உள்ளே தள்ளித்தான் போடுவது. ரசம் தரையில் ஓடினால் தரை நனையும், மேஜையில் ஓடினால் மடி நனையும்.

இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைக்கிற வழக்கமும் மேஜையில் ஒத்துவராது, வழிக்கிற தண்ணீர் போக இடமில்லை. அதனால் ஈரத்துணியால் நானே துடைத்துவிட்டேன். மாப்பிள்ளையின் பாட்டி அப்படியும் தெளிப்பார் என்று தெரியும். அவருக்குக் கடைசி இலை, வாஷ்பேசின் பக்கம், கூட ஒரு சின்னச் செம்பு.

முதலில் உப்பு. பிறகு இடது ஓரத்திலிருந்து இஞ்சிக்கறி, மாங்காய், நார்த்தங்காய். நடுவிலிருந்து வலதாகக் கிச்சடி, துவரன், எரிசேரி, அவியல். இடது கீழ்மூலையில் நேந்திரங்காய் உப்பேரி, சர்க்கரை வரட்டி, மட்டிப்பழம். (2023-இல் மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை என் வீட்டுக்காரர் வருகிற எல்லோரிடமும் சொல்கிறார், இவர் வாங்கிக் கொடுத்ததுபோல.) சாறு குறைந்தது மேல்பாதியில், ஓடுகிறது கீழ்பாதியில். அவியலில் தண்ணீர் நின்றால் இந்தக் கணக்கெல்லாம் குலைந்துவிடும், ஆகையால் அதைக் கெட்டியாக இறக்கணும். பப்படம் ஆள் உட்கார்ந்த பிறகுதான் வரும். சோறும் அப்படியே.

விளம்ப மூன்று பேர்: நான், மயினி (மதினி), பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஒருத்தர் சோறு, ஒருத்தர் குழம்பு, மூன்றாவது ஆள் தொடுகறியை மறுபடி கேட்டுக்கொண்டு நடக்கணும். ஐந்து இலைக்கு அதற்கு மேல் ஆள் இருந்தால் ஒருவரையொருவர் இடிப்பார்கள்.

பருப்பும் நெய்யும், சாம்பார், புளிசேரி வரைக்கும் எல்லாம் சீராகப் போனது. எங்கள் வீட்டில் அடுத்தது பாயசம், ரசத்துக்கு முன்னாலேயே. அடைப்பிரதமன் வாளியோடு மயினி போனதும் கோயம்புத்தூர் சம்பந்தியம்மா நிமிர்ந்தார்.

"ஏனுங்க, இலையிலேயே ஊத்தறீங்களா? டம்ளர்ல குடுத்துடுங்க."

"ஒரு கரண்டி மட்டும் இலையில விட்டுப் பாருங்க சம்பந்தி. பப்படத்த நொறுக்கி, பழத்தப் பிசைஞ்சு சாப்பிடணும். பிடிக்கலேன்னா டம்ளர் தாரேன்."

அவர் தம்ளரிலேயே வாங்கிக்கொண்டார். அவருடைய மாமியார், அந்தப் பாட்டி, மூன்று தரம் இலையில் விடச்சொன்னார். வழித்துச் சாப்பிட்டுவிட்டு, செம்புத் தண்ணீரைக் கொஞ்சம் இலையில் தெளித்து அடுத்த ரசத்துக்கு இடம் பண்ணிக்கொண்டதைப் பார்த்தேன். வேட்டி நனைந்தது. நனையட்டும்.

அவர்கள் எழுந்த பிறகு எங்கள் பந்தி. அதற்கு இந்த ஏற்பாடு வேண்டாம். டேபிளைச் சுவரிலிருந்து நகர்த்தி, சுற்றி உட்கார்ந்து, நடுவில் உருளிகளை அப்படியே தூக்கி வைத்தோம். விளம்ப ஆள் இல்லாத இடத்தில் எதிரெதிரே உட்காருவதுதான் வசதி, கை எட்டும். நுனியிலை தீர்ந்துபோயிருந்தது, எங்களுக்கு ஏடுதான். "எரிசேரிக்கு இன்னும் கொஞ்சம் வறுத்திருக்கலாம்" என்று மயினி ஆரம்பித்தாள்.