ஆர்சிசிபி நிற்காத வீடு: கசிவைத் தேடிக் கண்டுபிடித்த அனுபவம்

மன்னார்குடியில் எங்கள் வீடு 1980களில் கட்டியது. மெயின் போர்டில் அந்தக் காலத்துப் பீங்கான் ஃபியூஸ் கேரியர்களே இருந்தன. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் சமையலறைச் சுவரில் ஓதம் ஏறும். கிரைண்டரைத் தொட்டால் விர்ரென்று இழுக்கும். அம்மா ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் மாவு ஆட்டுவார். "ஃபியூஸ்தான் இருக்கே, ஏதாவது ஆனா அது போயிடும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். இந்த நம்பிக்கை ஆபத்தானது. ஃபியூஸும், அதற்குப் பதிலாக இப்போது போடும் எம்சிபியும் (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் ஸ்விட்ச்; அப்படி அணைவதைத்தான் 'விழுவது' என்போம்) ஒயர் சூடாகி எரியாமல் காக்க வந்தவை. 16 ஆம்பியர் எம்சிபி விழ 16 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். மனித உயிர் போக ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கு போதும்.

ஆர்சிசிபி என்பது கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஸ்விட்ச். அது பார்ப்பது வேறு கணக்கு. ஃபேஸில் போன கரண்ட் அப்படியே நியூட்ரலில் திரும்பி வருகிறதா? 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலும், அது வேறு ஏதோ வழியாக மண்ணுக்குப் போகிறது என்று பொருள். அந்த வழி ஒரு ஆளின் உடம்பாகவும் இருக்கலாம். 0.3 நொடிக்குள் வெட்டிவிடும். பழைய போர்டைக் கழற்றி எம்சிபிகளோடு 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடச் சொன்னேன்.

போட்டவுடன் விழுந்தது. தூக்கினால் மறுபடி விழுந்தது. வந்த எலக்ட்ரீஷியன், "பழைய வீடு சார், இது நிக்காது. எடுத்துட்டு எம்சிபி மட்டும் வெச்சுக்கலாம். இல்லேன்னா 300 மில்லி ஆம்பியர்ல ஒண்ணு போட்டுடறேன்" என்றார். 300 மில்லி ஆம்பியர் தீப்பிடிக்காமல் தடுக்க உதவும். ஷாக் அடித்த ஆளைக் காப்பாற்றாது. இரண்டுக்கும் நான் சம்மதிக்கவில்லை. ஆர்சிசிபி விழுகிறது என்றால் வீட்டில் எங்கோ கசிகிறது. அதைக் கழற்றிவிட்டால் கசிவு நின்றுவிடுமா? பல வீடுகளில் இந்த இடத்தில்தான் வேலை கைவிடப்படுகிறது. எனக்கு அது பெரிய வருத்தம்.

அப்புறம் மில்களில் வேலை பார்த்த ஒரு பெரியவர் மெகரோடு (ஒயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வந்தார். "தம்பி, இது பொறுமையா தேட வேண்டிய வேலை. அவசரப்படுத்தாதீங்க" என்றார். "எவ்வளவு நேரம் ஆனாலும் சரிண்ணே" என்றேன்.

எல்லா எம்சிபிகளையும் ஆஃப் செய்தார். அப்போதும் ஆர்சிசிபி விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "நியூட்ரல்தான்" என்றார். எங்கள் எம்சிபிகள் ஃபேஸை மட்டும் வெட்டுபவை. நியூட்ரல் எப்போதும் சேர்ந்தே இருக்கும். தெருவிலிருந்து வரும் நியூட்ரலில் பெரும்பாலும் கொஞ்சம் வோல்டேஜ் இருக்கும். அது எங்காவது மண்ணைத் தொட்டால் லைட்டே போடாவிட்டாலும் ஆர்சிசிபி விழக்கூடும். மெயினை அணைத்துவிட்டு நியூட்ரல் பாரிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பிளக்குகளையெல்லாம் உருவி, எல்இடி பல்புகளைக் கழற்றச் சொன்னார். மெகர் 500 வோல்ட் தரும், அதில் அவை கெட்டுவிடும். ஒவ்வொரு லைனும் எர்த்துக்கு ஒரு மெகா ஓமாவது காட்ட வேண்டும். கொல்லைக் குளியலறை லைன் அதற்கு அருகில்கூட வரவில்லை. இரும்புக் குழாய்க்குள் மழைத் தண்ணீர் தேங்கி, ஒயரின் மேலுறை வெடித்துப் போயிருந்தது. அந்த லைனை பிவிசி பைப்பில் புதிதாக இழுத்தோம்.

இப்போது ஆர்சிசிபி நின்றது. ஆனால் இன்வெர்ட்டர் லைனில் ஃபேன் போட்டதும் மறுபடி விழுந்தது. இன்வெர்ட்டருக்கான ஃபேஸை ஆர்சிசிபிக்கு முன்னாலேயே எடுத்திருந்தார்கள். நியூட்ரல் மட்டும் ஆர்சிசிபிக்குப் பின்னால் உள்ள பாரில் சேர்ந்திருந்தது. போகாத கரண்ட் திரும்பி வந்தால் கணக்கு உதைக்கத்தானே செய்யும்? இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் முதலில் இதைப் பாருங்கள். கிரைண்டர் மோட்டாரிலும் கசிவு இருந்தது. காயில் கட்டக் கொடுத்தோம்.

எர்த் இல்லாவிட்டாலும் ஆர்சிசிபி வேலை செய்யும். ஆனால் அப்போது ஓர் ஆள் தொட்ட பிறகுதான் விழும். எர்த் சரியாக இருந்தால் கருவியின் உடம்பில் கரண்ட் ஏறும்போதே விழுந்துவிடும். எங்கள் எர்த் ஒயர் துருப்பிடித்து மண்ணுக்குள் அறுந்து கிடந்தது. புதிதாகக் குழி எடுத்து, இரண்டரை மீட்டர் ஜிஐ பைப் இறக்கி, சுற்றிலும் அடுப்புக்கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினோம். கோடையில் அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும். இவ்வளவு செய்தும் ஒன்று மிச்சம்: ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் பிடித்த ஆளை ஆர்சிசிபிக்கு அடையாளம் தெரியாது. வேலை செய்யும்போது மெயினை அணைத்தே ஆக வேண்டும்.

சமையலறையில் சிலிண்டரை ஒட்டித் தாழ்வாக ஒரு பிளக் பாயிண்ட் இருந்தது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு தங்கும். ஸ்விட்சில் வரும் ஒரு பொறி போதும். அந்த பாயிண்ட்டை மேடைக்கு மேலே ஏற்றிவிட்டோம். ஆரஞ்சு ரப்பர் டியூபில் அச்சிட்ட தேதி ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தது. புதிது மாற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். எரிவாயு கசிவுக்கான 1906 எண்ணைச் சுவரில் எழுதியிருக்கிறேன். வாசனை வந்தால் ரெகுலேட்டரை மூட வேண்டும், ஜன்னலைத் திறக்க வேண்டும், எந்த ஸ்விட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. போனையும் வெளியே போய்த்தான் பேச வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்தேன்.

ஆர்சிசிபியில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அம்மாவே அழுத்திப் பார்க்கிறார். மாடி அறையில் இன்னும் எர்த் இல்லாத இரட்டை ஒயர்தான் ஓடுகிறது. தை பிறந்ததும் அதை மாற்ற வேண்டும்; அதுவரை அயர்ன்பாக்ஸை அங்கே கொண்டுபோகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.