‘தவறவிட்டேன்’ என்று எழுதியது நான்தான்

காவல் நிலையப் படியேறி வருகிறவர், பாராவில் நிற்பவரைத் தாண்டியதும் நேராக வந்து நிற்பது, புகார்களை எழுதும் ரைட்டரின் மேசை முன்னால்தான். இன்ஸ்பெக்டரெல்லாம் பிறகு. அந்த மேசையில் ஒன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் நிலையத்தில் லத்தி செய்த தீங்கைவிட என் பேனா செய்தது அதிகமாக இருக்கும். பேனா அடித்த இடத்தில் வீக்கம் தெரியாது, அவ்வளவுதான்.

2017, ஆடி மாதம். பூ விற்கும் அம்மாள் ஒருவர் வந்தார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பைக்கில் வந்த இரண்டு பேர் அவர் கையிலிருந்த செல்போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பூக்கூடைக்குள்ளிருந்து போன் வாங்கிய அட்டைப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். போனை அடையாளம் காட்டும் ஐ.எம்.இ.ஐ. எண் அதில் பளிச்சென்று இருந்தது. படித்தவர்கள்கூட இவ்வளவு ஒழுங்காகப் புகார் கொண்டுவருவதில்லை.

பறிப்பு என்று எழுதினால் முதல் தகவல் அறிக்கை போட்டாக வேண்டும். பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இலேயே சொல்லிவிட்டது. ஆனால் கண்டுபிடிக்காத வழக்கு ஒன்று கூடினால் மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். தொலைந்த போனுக்கு அந்தத் தொல்லை இல்லை. வழக்குப் போடாமல், புகார் வந்தது என்பதற்கு மட்டும் தரும் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றைக் கிழித்துக் கொடுத்து அனுப்பிவிடலாம். இப்படிச் செய் என்று யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. போட வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

‘பிடுங்கிச் சென்றனர்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘தவறவிட்டேன்’ என்று எழுதினேன். (இன்று, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறிப்புக்கென்றே 304ஆம் பிரிவு வந்துவிட்டது. இந்த ஒரு சொல்லை எழுதிவிட்டால் அந்தப் பிரிவுக்கும் வேலையில்லை.) சொன்னதை எழுதி, எழுதியதை வாசித்துக்காட்ட வேண்டும் என்பது சட்டம். வாசித்தேன், வேகமாக.

“நான் தொலைக்கவில்லையே ஐயா, பிடுங்கிக்கொண்டல்லவா போனான்?”

“எல்லாம் ஒன்றுதான் அம்மா. போன் கிடைத்தால் போதாதா?”

கைரேகை வைத்துவிட்டு, விரல் மையைக் கூடையின் ஈரச்சாக்கில் துடைத்துக்கொண்டு போனார்.

மூன்று மாதம் கழித்துப் பக்கத்து நிலையத்தில் இரண்டு பேர் பிடிபட்டார்கள். அங்கிருந்த ரைட்டர் போனில் கேட்டார்: “அண்ணே, உங்கள் எல்லையிலும் ஒன்று பறித்ததாகச் சொல்கிறார்கள். வழக்கு எண் என்ன?” என்னிடம் எண் ஏது?

வழக்குப் பதிவு செய்ய அந்த அம்மாளை வரச் சொன்னோம். முதல் தகவல் அறிக்கைப் படிவத்தில், புகார் தாமதமானதற்குக் காரணம் கேட்டு ஓர் இடம் உண்டு. “தாமதமாக வந்து புகார் கொடுத்ததாகப் போட்டுவிடு” என்றார் அதிகாரி. சம்பவம் நடந்த அரை மணி நேரத்தில் என் முன்னால் வந்து நின்றவர் அவர். அப்படியே வாக்குமூலம் எழுதி மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன்.

அவர் கையை நீட்டவில்லை. பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி பக்கத்தில் நின்றாள்.

“பேத்தி. எட்டாவது படிக்கிறாள். இவள் வாசிக்கட்டும் ஐயா.”

விரலை வரிக்கு வரி வைத்து வாசித்துக்கொண்டு வந்தவள் பாதியில் நின்றாள்.

“பாட்டி, நீ அன்றைக்கே போலீசுக்குப் போனேன் என்றுதானே சொன்னாய்?”

தாளை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, வேறு தாள் எடுத்தேன்.