பதின்மூன்றாம் அத்தியாயத்துக்கு அப்பால்

எங்கள் கிளை நூலகத்தின் சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் புத்தகம் நன்கொடைக் கணக்கில் இருக்கிறது. கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது நான்கு அட்டைப் பெட்டிகளில் கொடுத்தனுப்பியவற்றுள் ஒன்று அது. மிகாயேல் எண்டே ஜெர்மன் மொழியில் எழுதி 1979-இல் வெளிவந்த ‘முடிவில்லாக் கதை’யின் ஆங்கில மொழிபெயர்ப்பு. உள்ளே எழுத்துகள் இரண்டு நிறங்களில் இருக்கும். நம் உலகில் நடப்பது சிவப்பு மையில்; கதைக்குள் இருக்கும் கற்பனை உலகில் நடப்பது பச்சை மையில். மொத்தம் இருபத்தாறு அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் ஆங்கில நெடுங்கணக்கின் ஓர் எழுத்தில் தொடங்கும். நான் ஒட்டிய தேதிச் சீட்டில் ஏழு ஆண்டுகளாக ஒரு முத்திரைகூட விழவில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. 1931-இல் மன்னார்குடிக்குப் பக்கத்து மேலவாசலில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போன நூலகம் அந்த விதி உயிரோடு நடந்த இடம். அந்த மண்ணுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்துக்கொண்டு, ஒரு நல்ல புத்தகத்தை அலமாரியில் தூங்கவிட்டது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. விடிந்ததும் நூலகத்துக்கு ஓடினேன். கூரையின் ஷீட்டுகளில் பாதி இல்லை. கீழ்த் தட்டுகளில் இருந்த புத்தகங்கள் ஊறிக் கிடந்தன. அதற்குப் பிறகு பத்து நாட்கள் என் வேலை உலர்த்துவதுதான். நனைந்த புத்தகங்களைத் தரையில் விரித்து நிற்க வைத்து, பக்கங்களுக்கு நடுவில் செய்தித்தாள் சொருகி, ஈரம் ஏறியதும் அதை எடுத்துவிட்டு வேறு தாள் வைக்க வேண்டும். வெயிலில் காய்ந்தவை அப்பளம் போலச் சுருண்டன. சிவப்பும் பச்சையுமான அந்தப் புத்தகம் மேல் தட்டில் இருந்ததால் தப்பியது. முனை மட்டும் லேசாக ஊதியது. உலர்த்தும்போதுதான் அதை முழுதாகப் படித்தேன். மின்சாரம் இல்லாத அந்த வாரங்களில் வேறு வேலையும் இல்லை.

அடுத்த மே மாத விடுமுறையில், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் பிள்ளைகளை உட்கார வைத்து அதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். பக்கத்தைப் பார்ப்பேன், நிமிர்ந்து சொல்வேன். முதல் நாளே ஒரு சொல்லில் தடுக்கி விழுந்தேன். அந்தக் கற்பனை உலகைத் தின்றுகொண்டு வருவதன் பெயர் ஆங்கிலத்தில் வெறுமனே ‘ஒன்றுமில்லை’ என்ற பொருள் தருவது. ‘சூனியம்’ என்றேன். ஒரு பெண் குழந்தை உடனே, “யார் வைத்த சூனியம், சார்?” என்று கேட்டாள். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் செய்வினைக்குப் போய் நெடுநாளாகிவிட்டது. ‘இன்மை’ என்று மாற்றினேன்.

நாவலில் அந்த இன்மைக்கு நிறமோ உருவமோ கிடையாது. அந்தப் பக்கம் பார்ப்பவருக்குக் கண் தெரியாமல் போய்விட்டது போல இருக்கும், அவ்வளவுதான். இதை எப்படிப் புரியவைப்பது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது ஒரு பையன், “புயல் அடித்த மறுநாள் எங்கள் தோப்பைப் பார்த்த மாதிரியா, சார்?” என்றான். அவர்கள் வீட்டுத் தென்னைகளில் ஒன்றுகூட நிற்கவில்லை. வாசலில் நின்றால் அதுவரை தெரியாத அடுத்த ஊர்க் கோபுரம் தெரிந்தது என்று சொன்னான். அதன் பிறகு யாருக்கும் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வுல்ஃப்காங் பீட்டர்சன் இயக்கி 1984-இல் வந்த படத்தில் இந்த இன்மை ஒரு புயலாக வருகிறது: கருமேகம், இடி, பிய்த்துக்கொண்டு பறக்கும் பாறைகள். என் மடிக்கணினியில் அதைப் போட்டுக் காட்டியபோது பிள்ளைகள் சற்று ஏமாந்துபோனார்கள். புயல் அவர்களுக்குத் தெரிந்த சங்கதி. கதவுக்கு முட்டுக் கொடுத்து, குலதெய்வத்தைக் கூப்பிட்டு ஓர் இரவைக் கழித்துவிடலாம். மறுநாள் காலையில் என்ன இல்லை என்று பார்ப்பதற்கு முட்டுக் கொடுக்க முடியாது. எண்டே எழுதியது அந்த மறுநாள் காலையை. திரையில் ஓசையே இல்லாமல் காட்ட வேண்டிய ஒன்றை அவ்வளவு ஓசையோடு காட்டிவிட்டார்கள்.

அந்தப் படத்தை நான் வெறுக்கவில்லை. எத்தனையோ பேருக்கு இந்தக் கதையின் வாசலே அதுதான். ஆனால் எண்டேவுக்கு அது பிடிக்கவில்லை. படத்தின் தொடக்கப் பெயர்ப் பட்டியலில் தன் பெயர் வரக் கூடாது என்றார்; வழக்குத் தொடுத்துத் தோற்றார். சிறு வயதில் இதைப் பற்றி எங்கோ படித்தபோது, எழுத்தாளர்களுக்கு இப்படி ஒரு பிடிவாதம் என்று நினைத்துக் கடந்துபோனேன். நாவலைப் பிள்ளைகளுக்கு வரிவரியாகச் சொன்ன பிறகு எனக்கு அவர் கோபம் புரிந்தது.

சதுப்பு நிலக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். வீரச் சிறுவன் அட்ரேயுவின் குதிரை ஆர்டாக்ஸ், சோகச் சதுப்பில் இறங்கி நின்றுவிடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்குச் சேறு புதிதன்று. உழுத வயலில் கால் வைத்தால் எங்கே கணுக்கால் வரை போகும், எங்கே முழங்கால் வரை போகும் என்று பார்த்தவுடன் சொல்வார்கள். காலை நேராக இழுக்கக் கூடாது, குதிகாலைத் திருப்பி எடுக்க வேண்டும் என்பதும் தெரியும். ஆகவே, “குதிரைக்கு எடுக்கத் தெரியாதா?” என்று கேட்டார்கள். நாவலில் அந்தக் குதிரை பேசும். ஒவ்வோர் அடிக்கும் மனத்தில் துக்கம் ஏறிக்கொண்டே போகிறது, இனி நடக்க விருப்பமில்லை, நான் அமிழ்வதை நீ பார்க்க வேண்டாம், போய்விடு என்று தன் எஜமானனிடம் கேட்டுக்கொள்ளும். இதைச் சொன்னபோது அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. படத்தில் குதிரை பேசாது. சிறுவன் மட்டும் கடிவாளத்தைப் பிடித்து இழுத்து அழுவான். அதுவும் உலுக்குகிற காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால், தன்னை மூழ்கடிப்பது சேறு அல்ல என்று அந்தப் பிராணியே சொல்வது போய்விடுகிறது.

கதைசொல்லியாக எனக்குக் கிடைத்த பெரிய பரிசு பன்னிரண்டாம் அத்தியாயம். நடப்பதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு கிழவரிடம் அந்தக் கற்பனை உலகின் குழந்தைப் பேரரசி போகிறாள். அவர் கதையை முதலிலிருந்து வாசிக்கத் தொடங்குகிறார்: பழைய புத்தகக் கடை, மழை நாள், உள்ளே ஓடிவரும் பாஸ்டியன், நம் உலகில் இருந்து இந்தக் கதையைப் படித்துக்கொண்டிருக்கும் சிறுவன். வாசித்து வாசித்து, கிழவர் வாசிக்கும் அந்த இடத்துக்கே கதை திரும்ப வரும்; மறுபடி முதலிலிருந்து. பாஸ்டியன் துணிந்து பேரரசிக்கு ஒரு புதுப் பெயர் வைத்துக் கூப்பிடும் வரை அந்தச் சுழல் நிற்காது. நான் புத்தகத்தை மூடிவிட்டு, முதல் ஞாயிறு சொன்ன வார்த்தைகளையே அப்படியே சொல்லத் தொடங்கினேன். சார் மறந்துவிட்டார் என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டாம் சுற்று வந்தது. மூன்றாம் சுற்றில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “நிலாமகள்! நிலாமகள் என்று கூப்பிடச் சொல்லுங்கள், சார்!” என்று கத்தியது. போன வாரம் பாஸ்டியன் மனத்துக்குள் வைத்துக்கொண்ட பெயரை நினைவு வைத்திருந்தவன் அவன். திரைப்படத்தில் இந்தக் கிழவரும் இல்லை, இந்தச் சுழலும் இல்லை.

கத்திய பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறாம் வகுப்பு, பருத்த உடம்பு. பள்ளியில் அவனை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத மனம் வரவில்லை. முதல் வாரம் செய்தித்தாள் மேசைக்குப் பின்னால், கதை கேட்காதவனைப் போல உட்கார்ந்திருந்தான். கதாநாயகன் பாஸ்டியன் குண்டாக இருப்பான், ஓடத் தெரியாது, வகுப்பில் எல்லோரும் துரத்துவார்கள் என்று நான் சொன்னதும் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. அடுத்த வாரம் பாயில் வந்து அமர்ந்தான். படத்தைப் போட்டபோது அவன் கேட்டது ஒன்றுதான்: “இவனா பாஸ்டியன்?” திரையில் இருந்தவன் ஒல்லியாக, அழகாக இருந்தான்.

இது தோற்றத்தைப் பற்றிய சில்லறைக் குறை என்று யாரும் எண்ண வேண்டாம். கதையின் அச்சு அதில்தான் இருக்கிறது. அந்த உலகுக்குள் போன பாஸ்டியனுக்கு ஒரு பதக்கம் கிடைக்கிறது. ஒன்றையொன்று வாலில் கவ்விய இரு பாம்புகள். பின்புறம், நீ விரும்புவதைச் செய் என்ற கட்டளை. விரும்பியது நடக்கும், ஒவ்வொரு விருப்பத்துக்கும் ஒரு நினைவு போகும். முதலில் அவன் அழகனாக விரும்புகிறான். ஆகிறான். தான் எப்போதாவது குண்டாக இருந்தோம் என்பது அவனுக்கு மறந்துவிடுகிறது. இழப்பின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. தொடக்கத்திலேயே ஒல்லிப் பையனை நிறுத்திவிட்டால் அவன் எதை இழப்பான்?

படம் அந்த இடத்துக்கு வரவே இல்லை என்பது வேறு விஷயம். பெயர் சூட்டியதோடு அது ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. நாவலில் அது சரிபாதி. கடைசியில் பாஸ்டியன் நற்பேறு நாகத்தின் மேல் ஏறி வந்து, தன்னை அடித்த பையன்களைத் துரத்துவான். (அந்த நாகத்தைப் பற்றி ஒரு வார்த்தை: நாவலில் அதற்குச் சிங்க முகம், முத்துச்சிப்பி நிறத்தில் செதில், நீண்ட உடல். கேட்டவுடன் பிள்ளைகள் “யாளி” என்றார்கள். கோயில் தூணில் தினமும் பார்ப்பவர்கள். படத்தில் நாய் முகம்.) எங்கள் பிள்ளைகள் அந்தக் கடைசிக் காட்சிக்குக் கைதட்டினார்கள். அந்த ஆறாம் வகுப்புப் பையன் மட்டும், “மீதிப் பாதி எங்கே, சார்?” என்றான்.

1990-இல் வந்த இரண்டாம் படம் மீதிப் பாதியிலிருந்து சிலவற்றை எடுத்துக்கொண்டது. ஆனால் அதில் நினைவுகளைப் பறிப்பது சூனியக்காரி சயீதேயின் இயந்திரம். நாவலில் பறிப்பவர் யாரும் இல்லை. வரத்துக்குள்ளேயே விலை இருக்கிறது. கொடுப்பவனும் இழப்பவனும் ஒருவனே. வில்லி ஒருத்தியைப் பழி சொல்லிவிட்டால் பார்க்கும் குழந்தை நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடும். எண்டே அந்த நிம்மதியைத் தரவில்லை. நினைவெல்லாம் தீர்ந்தவர்கள் வாழும் பழைய பேரரசர்களின் நகரத்தைக் காட்டுகிறார். அங்கே ஒரு குரங்கின் மேற்பார்வையில் அவர்கள் எழுத்துப் பொறித்த பகடைகளை உருட்டிக்கொண்டே இருக்கிறார்கள். முடிவின்றி உருட்டினால் உலகத்துக் கதைகள் எல்லாம் அதில் எப்போதாவது தற்செயலாக விழும் என்பது கணக்கு. புத்தகங்களுக்கு நடுவில் வாழ்கிற எனக்கு அதைவிடப் பயங்கரமான இடம் எந்தக் கதையிலும் கிடையாது.

பிறகு யோர் என்ற பார்வையற்றவரின் சுரங்கம். மனிதர்கள் மறந்துபோன கனவுகள் மெல்லிய தகடுகளில் படங்களாக மண்ணுக்கடியில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. தன் பெயரைத் தவிர எல்லாவற்றையும் மறந்த பாஸ்டியன், நாள்தோறும் இருட்டில் ஊர்ந்து தோண்டுகிறான். ஒரு நாள் ஒரு படம் கிடைக்கிறது: வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர், கையில் பற்களின் அச்சு, துயரம் தோய்ந்த முகம், சுற்றிலும் உறைந்த பனிக்கட்டி. அவர் யாரென்று அவனுக்குத் தெரியாது. பற்கள் கட்டும் வேலை செய்கிற அவனுடைய அப்பாதான் அவர். மனைவி இறந்தபின் பேச்சு வற்றிப்போனவர். ஆனாலும் அந்த முகத்தின் மேல் அவனுக்கு ஏக்கம் பிறக்கிறது.

இதைச் சொன்ன ஞாயிறு அந்த ஆறாம் வகுப்புப் பையன் ஒன்றும் பேசவில்லை. அவனுடைய அப்பா சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வருவார். மறுவாரம் ஒரு படம் வரைந்து கொண்டுவந்தான். மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒருவர். சுற்றிலும் பனிக்கட்டிக்குப் பதிலாகக் கைப்பேசியின் சட்டகம். மூக்கு மட்டும் வரையப்படவில்லை. கேட்டேன். “கைப்பேசியில் மூக்குச் சரியாகத் தெரியாது, சார்” என்றான். அந்தத் தாளை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன். இன்னும் இருக்கிறது.

‘பொன்னியின் செல்வன்’ 2022-இல் படமாக வந்தபோது, கல்கியின் ஐந்து பாகங்களையும் கேட்டு எங்கள் நூலகத்தில் ஆட்கள் காத்திருந்தார்கள். படத்தில் இது இல்லை, அது இல்லை என்று வாசகர் வட்டத்துப் பெரியவர்கள் மேசையைத் தட்டிப் பேசினார்கள். எல்லாவற்றையும் படமாக்க முடியாது என்பதை நான் அப்போதும் ஒப்புக்கொண்டேன். நானும் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எத்தனையோ கிளைக்கதைகளை விட்டேன். எதை விடலாம் என்பதில் மட்டும் ஒரு நியாயம் வேண்டும்.

எண்டேவின் நாவலைப் புதிதாகத் தொடர் படங்களாக எடுக்கப்போவதாக 2024-இல் அறிவிப்பு வந்தது. ஒரே படத்துக்குள் அடைக்க வேண்டியதில்லை என்பதைப் படித்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவர்களிடம் நான் வேண்டுவது பெரிதாக ஒன்றுமில்லை. பையன் குண்டாக இருக்கட்டும். குதிரை பேசட்டும். இன்மைக்கு ஓசை வேண்டாம். சுரங்கத்துக்குள் அவன் தோண்டும் நாட்களைப் பாட்டுப் போட்டு ஒரு நிமிடத்தில் தள்ளிவிட வேண்டாம். பார்ப்பவர்களுக்குப் பொறுமை போகும் வரை அவன் தோண்ட வேண்டும். அந்தப் படம் கிடைக்கும்போது, அது அப்பா என்று யாரும் பின்னணியில் சொல்லாமல் இருக்க வேண்டும்.

அந்தப் பையன் இப்போது மேல்நிலைப் பள்ளியில் படிக்கிறான். செய்தியைச் சொன்னபோது, “அந்தப் பனிக்கட்டி அப்பா வருவாரா, சார்?” என்றுதான் முதலில் கேட்டான். வர வேண்டும் என்றேன். புத்தகத்தைக் கேட்டான். வெற்றாக இருந்த தேதிச் சீட்டில் முதல் முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்குப் பத்துச் சொற்களாவது அகராதியில் பார்க்க வேண்டியிருக்கிறதாம். மூன்று முறை புதுப்பித்துவிட்டான். போன வாரம் அவன் சைக்கிளை நூலக வாசலில் நிறுத்தியபோது எங்கே வந்திருக்கிறாய் என்று கேட்டேன்.

“பழைய பேரரசர்கள் ஊரில், சார்” என்றான்.