யாஸ்னயா பொல்யானாவில் ஒரு பச்சை மேடு

எழுத்தாளர் டால்ஸ்டாய் வாழ்ந்த யாஸ்னயா பொல்யானாவுக்குப் போக, ரஷ்யாவின் துலா ரயில் நிலைய வாசலில் ஏறிய டாக்ஸியை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சுமார் பதினான்கு கிலோமீட்டருக்கு 1500 ரூபிள்! ரூபிளும் நம் ரூபாயும் ஏறக்குறைய ஒரே மதிப்புதான், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மூர் விசா, மாஸ்டர்கார்டு எதுவும் ரஷ்யாவில் செல்லாது. கையில் இருக்கும் நோட்டை வைத்துத்தான் முழுப் பயணத்தையும் ஓட்ட வேண்டும். திரும்பும்போது அதே சாலையில் மினி பஸ்ஸில் நூறு ரூபிள்கூட ஆகவில்லை. தயவுசெய்து பஸ்ஸிலேயே போங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று விடுமுறை.

சரி, டால்ஸ்டாய் வீட்டுக்கு வருவோம். டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்த்த டால்ஸ்டாயின் 'போரும் வாழ்வும்' படித்த நாளிலிருந்து எனக்கு இந்த ஊர்மேல் ஆசை. அந்த நாவல் எழுதப்பட்டது இங்கேதான். அவர் திருத்தித் திருத்தி எழுதிய தாள்களை மனைவி சோஃபியா உட்கார்ந்து மறுபடி மறுபடி படியெடுத்ததும் இங்கேதான்.

வாசலில் இரண்டு வெள்ளைக் கோபுரங்கள். உள்ளே பிர்ச் மரங்கள் இருபுறமும் நிற்கும் நீண்ட பாதை. அக்டோபர் என்பதால் தரையெல்லாம் மஞ்சள் இலை. டால்ஸ்டாய் பிறந்த பெரிய வீடு இப்போது இல்லை, 1854இல் விற்றதும் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். ஆனால் 1828இல் எந்தத் தோல் சோபாவில் பிறந்தாரோ, அந்தச் சோபா அவர் பின்னால் வாழ்ந்த வீட்டில் இன்னும் இருக்கிறது. அவருடைய பிள்ளைகள் பலரும் அதிலேதான் பிறந்தார்கள். எழுதும் மேசைக்கு முன்னால் ஒரு குட்டை நாற்காலி. கிட்டப்பார்வைக்காரர், கண்ணாடி போடாமல் தாளுக்குப் பக்கத்தில் முகத்தை வைத்து எழுதினாராம். குழந்தைகள் உட்காரும் உயரம்தான் அது. அதன் முன் ரொம்ப நேரம் நின்றேன். வழிகாட்டி அம்மா கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

புத்தகங்கள் மட்டும் 22,000க்கு மேல். அலமாரிகளைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது 1908இல் அவர் எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடிதம்'. அதில் நம் குறளை எடுத்துக் காட்டியிருக்கிறார், 'இன்னா செய்யாமை' அதிகாரத்திலிருந்து. அந்தக் கடிதத்தைக் காந்தி குஜராத்தியில் மொழிபெயர்த்தார். 1910இல் ஜோகனஸ்பர்க் அருகே தொடங்கிய பண்ணைக்கும் டால்ஸ்டாய் பெயரே வைக்கப்பட்டது. அங்கே தங்கிய சத்தியாக்கிரகிகளில் தமிழர்கள் கணிசம். குறள் இங்கே வந்து, இங்கிருந்து மறுபடி தமிழர்களிடம் போயிருக்கிறது! இதை யாரும் பள்ளியில் எனக்குச் சொல்லித் தரவில்லையே என்று ஆதங்கமாக இருந்தது.

அப்புறம், சாப்பாடு. வாசலுக்கு எதிரே உள்ள கஃபேயில் அந்தக் குடும்பத்தின் பிரியமான எலுமிச்சை பை (pie) என்ற பலகாரம் கிடைக்கிறது, அன்கோவ் பை என்பார்கள். மெல்லிய மாவு அடுக்குகளுக்கு நடுவே புளிப்பும் வெண்ணெயும். பட்ஜெட்டை மறந்து இரண்டாவது துண்டும் வாங்கினேன். அதைத் தவற விடாதீர்கள்.

டால்ஸ்டாயின் கல்லறை, வீட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, காட்டுக்குள் இருக்கிறது. அமைதி காக்கச் சொல்லிப் பலகை இருக்கிறது. ஒரு பள்ளத்தின் விளிம்பில் புல் மூடிய ஒரு நீள மேடு, அவ்வளவுதான். சிலுவை இல்லை, கல் இல்லை, பெயர்கூட இல்லை. எல்லா மனிதரும் சந்தோஷமாக இருப்பதற்கான ரகசியம் ஒரு பச்சைக் குச்சியில் எழுதி இங்கே புதைத்திருக்கிறது என்று அண்ணன் நிக்கோலாய் சின்ன வயதில் சொன்ன கதை. அதனால்தான் இந்த இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். 1941இல் ஜெர்மன் படை 45 நாள் இங்கே இருந்தபோது தங்கள் வீரர்களை இந்த மேட்டுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள், அவர்கள் போன பிறகு அந்த உடல்கள் அங்கிருந்து அகற்றப்பட்டன.

பக்கத்தில் ஒரு பாட்டி பேத்தியோடு நின்றிருந்தார். குழந்தை ஒரு மஞ்சள் இலையைப் புல்மேல் வைத்தது. நான் மெதுவாக, எனக்கே கேட்கும் அளவுக்கு, 'இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயம் செய்து விடல்' என்று சொன்னேன்.